பாதி மழித்த முகத்துக்கு ஒரு தகுதிச் சான்று

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கிடைத்திருக்கும். மின்விசிறி ஓடுமா, ரத்த அழுத்தக் கருவி வேலை செய்யுமா என்பதெல்லாம் அவரவர் யோகம். ஸ்டாம்ப் மட்டும் தவறாமல் வந்துவிடும். ஊதா மையில் ஒற்றி ஒரு தாளில் அதைக் குத்தினால், அந்தத் தாளை வைத்திருப்பவர் மறுநாளே வேலைக்குப் போகலாம். இவ்வளவு அதிகாரம் கையில் இருக்கும்போது யோசிக்க என்ன அவசியம்? நானும் பல வருடங்கள் யோசிக்காமல்தான் சமாளித்தேன்.

ஓய்வுபெற்றவர்களைப் பேசச் சொன்னால் தாங்கள் காப்பாற்றிய உயிர்களை எண்ணிச் சொல்லி உங்களைப் பிழிந்தெடுப்பார்கள். என்னிடம் அந்த அபாயம் இல்லை. நான் சொல்லப்போவது நான் கெடுத்த காரியத்தை. அதைச் சரிசெய்ததில் பெரும்பங்கு வேறொருவருடையது என்பதால் தற்பெருமைக்கும் இடமில்லை.

தியாகராய நகரில், பாண்டி பஜாரின் சத்தம் எட்டும் தூரத்தில் ஒரு குறுக்குத் தெருவில் எங்கள் நிலையம் இருந்தது. திங்கட்கிழமை சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான நாள். அதாவது, ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் செலவழித்தால் வெளியே கலவரம் வெடிக்கும் நாள். அப்படி ஒரு திங்கட்கிழமைதான் பஷீர் வந்தார்.

பஷீருக்கு நாற்பத்தாறு வயது. பெண்களுக்கான பிளவுஸ் தைக்கும் கடை ஒன்றில் இருபது வருடமாகக் கட்டிங் மாஸ்டர். மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலையில் இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், நன்றாகப் பார்த்தார்கள், மிச்சத்தை வீட்டருகே உள்ள சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு தடித்த கோப்போடு அனுப்பினார்கள். அந்த மிச்சம்தான் நாம்.

உள்ளே நுழையும்போது பஷீர் கதவின் இடது நிலையில் தோளை இடித்துக்கொண்டார்.

"கதவைப் பாத்து வாங்க" என்றேன். மருத்துவ ஆலோசனை ஒன்று அப்போதே வழங்கப்பட்டுவிட்டது.

உட்கார்ந்தார். வலது கன்னம் வழவழவென்று மழித்திருந்தது. இடது கன்னத்தில் நான்கு நாள் தாடி. அவசரத்தில் வந்திருப்பார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"மேடம், நான் இப்போ ஃபுல்லா சரியாயிட்டேன். முகூர்த்த சீசன் வருது. கடையில சர்டிஃபிகேட் கேக்கறாங்க. கொடுத்தீங்கன்னா நாளைக்கே போய் கத்திரி புடிச்சுடுவேன்."

இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னேன், தூக்கினார். என் விரல்களை அழுத்தச் சொன்னேன், என் மோதிரம் விரலில் பதியுமளவுக்கு அழுத்தினார். நடந்தும் காட்டினார். பேச்சில் குழறல் இல்லை. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. நான் பேனாவை எடுத்தேன்.

பின்னால் நின்ற அவர் மனைவி நூர்ஜகான் தயங்கித் தயங்கிப் பேசினார். "மேடம், இவரு சாப்பாட்ட பாதிதான் சாப்பிடறாரு. தட்டுல ஒரு பக்கம் அப்படியே கீது. இன்னும் சோறு வெக்கலியான்னு என்னாண்ட கேக்கறாரு."

"சுகர் இருக்கறவர் கம்மியா சாப்பிடறது நல்லதும்மா" என்றேன்.

கதவு, கன்னம், தட்டு. இவ்வளவையும் ஒருவர் மேசையில் கொண்டுவந்து வைத்த பிறகும் கண்டுபிடிக்காமல் இருக்கச் சாதாரண ஆட்களால் முடியாது. அதற்கு எம்.பி.பி.எஸ். படித்திருக்க வேண்டும், மேற்கொண்டு இருபத்தேழு வருட அனுபவமும் வேண்டும். என்னிடம் இரண்டும் இருந்தன. 'பணிக்கு முழுத் தகுதியுடையவர்' என்று எழுதி ஸ்டாம்பைக் குத்தினேன்.

இரண்டு வாரம் கழித்து நூர்ஜகான் தனியாக வந்தார், கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்தது ஒரு கல்யாணப் பெண்ணின் பிளவுஸ் துணி. இரண்டு கைகளிலும் ஜரிகையும் மணியும் வைத்து மயில் போட்டிருந்தது. வலது கைக்கான மயில் தோகையோடு அழகாக நின்றது. இடது கைக்கான மயிலின் கழுத்தில் கத்திரி நேராக இறங்கியிருந்தது.

"இப்படி வீணாப்போனது இது மூணாவது மேடம். இத யாரோ மாத்தி வெச்சுட்டாங்கன்னு சொல்லி, கூட வேலை செய்யற செல்வம் சட்டையப் புடிச்சுட்டாரு. கடையில வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. குடிச்சிட்டு வந்தாருன்னு பேசிக்கறாங்க. அந்த மனுஷன் வாழ்நாள்ல தொட்டதில்ல மேடம். இப்போ யாராண்டயும் பேசறதில்ல. செவுத்தப் பாத்து படுத்துக்கினு கீறாரு."

எனக்கு உடனே ஒரு தீர்வு தோன்றியது. நம் துறையில் தவறான சான்றிதழுக்கு ஒரே பரிகாரம் இன்னொரு சான்றிதழ். 'தகுதியற்றவர்' என்று எழுதி அதே ஸ்டாம்பைக் குத்திவிட்டால் என் பக்கம் சுத்தமாகிவிடும். தாளைக்கூட எடுத்துவிட்டேன்.

பக்கத்து மேசையில் சர்க்கரை நோயாளிகளின் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்த சிஸ்டர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "மேடம், கட்டிங் மாஸ்டர்னா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் என்ன செய்வாங்க?"

இந்த சிஸ்டரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவரே சொல்ல வேண்டாம் என்றார். பெயர் வெளியே வந்தால் பயிற்சி வகுப்பு எடுக்கக் கூப்பிடுவார்களாம். சாந்தோம்காரர். என்னைவிட நான்கு வயது இளையவர். பதவியில் எவ்வளவு கீழே என்று அளக்க அரசாணை தேவைப்படும். அன்று வரை அவருடைய கேள்விகளுக்கு நான் பதில் சொன்னதைவிட, "அப்புறம் பார்க்கலாம் சிஸ்டர்" என்று சொன்னதே அதிகம்.

"துணி வெட்டுவாங்க" என்றேன்.

"அதை நாம பார்க்கலையே மேடம். கை தூக்கறதைத்தானே பார்த்தோம்."

'நாம' என்று என்னையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது அவருடைய பெருந்தன்மை.

மறுநாள் மதியம், கூட்டம் கலைந்த பிறகு பஷீர் நூர்ஜகானோடு வந்தார். சிஸ்டர் அவர் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைக் கொடுத்தார்.

"பாய், ஒரு பிளவுஸோட முன்பக்கம் வரைஞ்சு காட்டுங்க. எனக்கே தைக்கற மாதிரி."

பஷீர் முகத்தில் அன்றுதான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. கை தடுமாறவில்லை. கழுத்து வளைவு, தோள், கைக்குழி, டார்ட் எல்லாம் அச்சடித்தது போல வந்தன. பென்சிலைக் கீழே வைத்தார்.

"முடிஞ்சுதா பாய்?"

"முடிஞ்சுது சிஸ்டர்."

தாளின் வலது பாதியில் அரை பிளவுஸ் இருந்தது. இடது பாதி வெள்ளையாகவே கிடந்தது.

நூர்ஜகான் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பஷீரைப் பார்த்தேன். தன் வேலையைத் தானே ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கண்ணிலோ கையிலோ கோளாறு இல்லை. மூளையின் வலது பாதியில் அடி விழுந்தால் சிலருக்கு உலகத்தின் இடது பாதி கவனத்திலிருந்தே கழன்றுவிடும். கழன்றதும் அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். நானும் படித்தேன், பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். கேள்வித்தாளில் வந்தபோது அடையாளம் தெரிந்தது. பாதி தாடியோடு நேரில் வந்து உட்கார்ந்தபோது தெரியவில்லை.

சிஸ்டர் தாளை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினார். இப்போது வெற்றிடம் வலது பக்கம் வந்துவிட்டது. பஷீர் அதைப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னா சிஸ்டர் இது? இந்தப் பக்கம் எங்க போச்சு?"

சிஸ்டர் பென்சிலை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நானா வரைஞ்சேன்?" என்று கேட்டார். பிறகு, தானே கணக்குப் போட்டுவிட்டார் போல, தாழ்ந்த குரலில் சொன்னார்: "அப்போ செல்வம் எதையும் மாத்தல."

சிஸ்டர் அடுத்து ஒரு கேள்வி கேட்டார். அதையும் நான் கேட்டிருக்கவில்லை. "பாய், இங்க எதுல வந்தீங்க?"

"என் ஸ்கூட்டர்லதான்."

நூர்ஜகான் சொன்னார்: "போன வாரம் நின்னுக்கினு இருந்த ஆட்டோவ இடிச்சுட்டாரு. ஆட்டோ எங்கிருந்தோ திடீர்னு வந்துதுன்னு சொல்றாரு."

இடது பக்கம் இல்லாத ஒரு மனிதர், என் ஸ்டாம்பின் தைரியத்தில், இரண்டு வாரமாகப் பாண்டி பஜார் கூட்டத்தில் வண்டி ஓட்டியிருக்கிறார். அந்தத் தெருக்களில் இடது ஓரமாக எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பிளவுஸில் மயிலோடு போயிற்று. சாவியை அங்கேயே வாங்கி நூர்ஜகானிடம் கொடுத்தோம். பஷீர் எதிர்க்கவில்லை. எதிர்த்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பெரிய ஆஸ்பத்திரியின் மறுவாழ்வுப் பிரிவுக்குச் சீட்டு எழுதினேன். ஆறு வாரம் கழித்து ஒரு தேதி கிடைத்தது. அங்கே இருந்த தெரபிஸ்ட் பெண் நல்லவர். தொலைபேசியிலேயே சிஸ்டரிடம் பயிற்சிகளைச் சொல்லி, காத்திருக்கும் நாளை வீணாக்காதீர்கள் என்றார். செய்தித்தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழே சிவப்பு நாடா ஒட்ட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் முதலில் அந்தச் சிவப்பைக் கண்ணால் தேடிப் பிடித்த பிறகே படிக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டின் இடது விளிம்பிலும் ஒரு சிவப்புக் கோடு. ஆரம்ப நாட்களில் பஷீர் ஒரு தலைப்புச் செய்தியைப் படித்தால் அதன் பின்பாதி மட்டும்தான் வரும். அரசியல் செய்திகளில் அதனால் பெரிய நஷ்டம் இல்லை என்றாலும், பயிற்சி என்றால் பயிற்சி.

பஷீர் படம் வரைந்த அடுத்த நாள் மாலை நானும் சிஸ்டரும் அந்தக் கடைக்குப் போனோம். சம்பந்தப்பட்டவர்கள் பார்க்கலாம் என்று பஷீரின் சம்மதத்தோடு அந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டோம். நோயாளி வேலை செய்யும் இடத்துக்கு நான் போனது அதுதான் முதல் முறை. அந்த வயதில்.

கடையின் முதலாளி மயிலாப்பூர் அம்மாள் ஒருவர், அறுபதைத் தாண்டியவர். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நீங்கதான் அந்த சர்டிஃபிகேட் கொடுத்த டாக்டரா? வாங்கோ, வாங்கோ. உங்களைப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

இழுப்பறையிலிருந்து என் சான்றிதழை எடுத்து என் முன்னாலேயே வைத்தார். "இதுல 'பணிக்கு முழுத் தகுதி'ன்னு போட்டிருக்கேள். எந்தப் பணிக்குன்னு போடலையே?"

அவர் பள்ளிப் படிப்போடு நின்றவர் என்று பிறகு தெரிந்தது. என் சான்றிதழில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க அது போதுமானதாக இருந்திருக்கிறது.

"தப்பு என்னோடதும்மா" என்றேன். "அவர் குடிக்கலை, வேணும்னும் பண்ணலை. நான் சரியாப் பரிசோதிக்கலை."

"அதை அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட வந்து சொல்றேளா? எங்க ஆத்து வாசல்ல நின்னுண்டு அழுதுட்டுப் போனா. கல்யாணத்துக்கு நாலு நாள் வெச்சிண்டு வேற பிளவுஸ் எங்க தேடறது?" அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டார். "பஷீர் நல்ல மனுஷன். இருபது வருஷமா இந்தக் கடையே அவர் கையிலதான் ஓடினது. ஆனா எனக்கு ஒரே வார்த்தையில பதில் சொல்லுங்கோ. அவர் ஃபிட்டா, அன்ஃபிட்டா?"

கடையில் தையல் இயந்திரங்கள் நின்றுவிட்டன. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

ஃபிட் என்று சொன்னால் நான் முட்டாள் என்பது இரண்டாவது முறையாக உறுதியாகும். அன்ஃபிட் என்று சொன்னால் பாதுகாப்பு, யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது. பஷீர் மட்டும் மிச்ச ஆயுளுக்கும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். நம் படிவத்தில் இந்த இரண்டு கட்டங்கள்தான் உண்டு. மனிதர்கள் அதற்குள் அடங்காவிட்டால் அது அவர்களுடைய பிரச்சினை என்பது படிவத்தின் கருத்து.

"மத்தியானம் வரைக்கும் ஃபிட்" என்றேன். "கத்திரியைத் தொடாத வரைக்கும் ஃபிட். மாசாமாசம் பார்த்து மாத்திச் சொல்றேன்."

"அப்படி ஒரு சர்டிஃபிகேட் உண்டா?"

"இல்லை. இப்பதான் எழுதப்போறேன்."

அவர் மேசையிலேயே எழுதினேன். காலை பத்திலிருந்து ஒன்று வரை வேலை. கைத்தையல், ஹெம்மிங், பொத்தானுக்குக் காஜா எடுப்பது மட்டும். துணி வெட்டக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. மேசையின் இடது விளிம்பில் சிவப்பு நாடா. பேசுகிறவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவர் திரும்பிய பிறகு பேச வேண்டும். மறுபரிசீலனை ஒரு மாதத்தில். பின்னர் எங்கள் அலுவலக உதவியாளர் இந்தத் தாளைப் பார்த்து, இவ்வளவு எழுதப் படிவத்தில் இடமில்லையே என்று வருத்தப்பட்டார். பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது என்று காட்டினேன். இத்தனை வருடமாக இருவரும் அதைக் கவனித்ததில்லை.

மூலையில் இயந்திரத்தின் முன் இருந்த செல்வம் எழுந்து வந்தான். "பாய் என் சட்டையப் புடிச்சாரு மேடம். பதினஞ்சு வருசமா ஒண்ணா டீ குடிச்சவரு."

சிஸ்டர் அந்த அரை பிளவுஸ் படத்தை அவனிடம் கொடுத்தார். அவனும் தையல்காரன். விளக்கம் தேவைப்படவில்லை.

"இதுல பாதி இல்லன்றது அவருக்குத் தெரியவே தெரியாதா?"

"திருப்பிக் காட்டற வரைக்கும் தெரியலை தம்பி."

செல்வம் தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "சரி, வரச் சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."

முதலாளியும் சகதொழிலாளியும் சம்மதித்த பிறகு நான் எதிர்பாராத ஒருவர் மறுத்தார். பஷீர்.

"காஜா எடுக்கவா?" அன்று அவர் குரலில் இருந்தது கோபமல்ல, அதைவிட மோசமான ஒன்று. "நான் மாஸ்டர் மேடம். நான் கோடு போட்டுக் குடுத்தா கடையே தைக்கும். இப்போ புதுசா வந்தவன் மாதிரி ஒக்காந்து காஜா எடுன்றீங்க. அதுக்கு வூட்லயே கெடக்கறேன்."

மூன்று நாள் அசையவில்லை. நான் ஊக்கமூட்டும் வார்த்தைகள் பல சொல்லிப் பார்த்தேன். பயிற்சி முகாம்களில் கற்றுத்தருவார்களே, அவையெல்லாம்தான். பலன் வழக்கம்போல. நான்காம் நாள் காலை நூர்ஜகான் புர்காவை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடியிருக்கிறார்.

"எங்க கெளம்பிட்ட?"

"கடைக்குத்தான். காஜா எடுக்க ஆள் இல்லியாம். நீங்க படுத்துக்கினு இருங்க."

பஷீர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டாராம். இரண்டு பேரும் நடந்தே போனார்கள். அவருடைய இடது பக்கத்தில் நூர்ஜகான்.

கடை வாசலில் செல்வம் நின்றிருக்கிறான். பஷீர் அவன் சட்டைக் காலரைத் தொட்டு, கசங்கல் இல்லாமல் நீவிவிட்டாராம். மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே பயன்படுத்தவில்லை என்று நூர்ஜகான் சொன்னார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல ஆசைதான். இரண்டு மாதத்தில் செய்தித்தாளை முழு வரியாகப் படித்தார். பழைய செய்தித்தாளிலேயே பிளவுஸ் வெட்டிப் பழகினார், செல்வம் ஸ்கேல் வைத்துச் சரிபார்த்தான். மூன்றாம் மாதம் சாதாரண லைனிங் துணி வெட்ட எழுதிக் கொடுத்தேன். சீசன் நெருக்கடியில் அம்மாள் அவரை ஒரு நாள் மாலை வரை இருக்கச் சொல்லிவிட்டார். நான்கு மணிக்கு இடது பக்கம் மறுபடி காணாமல் போனது. கத்திரி இறங்குமுன் செல்வம் கையைப் பிடித்துவிட்டான். களைப்பு வந்தால் மூளை தன் பழைய பள்ளத்திலேயே போய் விழும் என்று சிஸ்டர் முன்பே எச்சரித்திருந்தார். எழுதி வைத்திருந்த ஒரு மணி என்ற நேரம் அலங்காரத்துக்கு இல்லை என்று அன்று எல்லோருக்கும் புரிந்தது.

ஒரு வருடம் ஆனபோது பஷீர் காலை வேளைகளில் மறுபடி கட்டிங் மாஸ்டர் ஆகியிருந்தார். கல்யாண வேலைப்பாடு உள்ள துணிகளை மட்டும் தொடுவதில்லை. அது நான் போட்ட விதியல்ல, அவரே போட்டுக்கொண்டது. ஸ்கூட்டரை விற்றுவிட்டார். மதியத்துக்கு மேல் வீட்டில் நூர்ஜகான் கைத்தையல் போட, இவர் ஊசிக்கு நூல் கோத்துக் கொடுப்பதாகக் கேள்வி. முழுக் குணம் என்று எந்தக் கட்டத்திலும் டிக் போட முடியாது. மாதம்தோறும் அவருக்காக ஒரு தாளின் பின்பக்கத்தை நிரப்பினேன், அவ்வளவுதான்.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய வாரம், மாத்திரை வாங்க வந்த பஷீர் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். பிரிவு விழாவுக்காக நான் கொடுத்திருந்த பிளவுஸ். பொட்டலத்தைப் பிரித்ததும் என்னை அறியாமலே பிளவுஸின் இடது கையை விரித்துப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"பயப்படாதீங்க மேடம். நான் கோடு போட்டதும் செல்வம் ஒரு தடவ பாப்பான். அப்புறம்தான் கத்திரி. இப்போ அது எனக்கு வெக்கமா இல்ல." பிறகு, மரியாதையோடுதான் கேட்டார்: "நீங்க எழுதறத யாரு மேடம் ரெண்டாவது தடவ பாக்கறாங்க?"

என்னிடம் பதில் இருந்தது. கதவுக்கு வெளியே அந்தப் பதில், அறுபத்தெட்டாம் டோக்கன்காரரின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டே, வீட்டில் அவர் தட்டில் சோறு மிச்சமாகிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தது.